டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9: கிராஸ்ஓவர் வாசிக்கிறவர்கள் வாங்கலாமா?

பச்சைப் பெட்டி, டிரைவ், டோன், லெவல் என்று மூன்று குமிழ், ஒரு மிதி. ஐபனீஸ் நிறுவனத்தின் இந்த டிஎஸ்9 கிட்டார் பெடலைக் கடையில் டிரைவை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழை, ஏற்றிக் காட்டுவார்கள். அந்த இரைச்சல், ஹார்ட்கோர் பங்க்கும் மெட்டலும் கலந்த கிராஸ்ஓவர் திராஷுக்குப் போதாது. அதைக் கேட்டதுமே வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கிறவர்கள்தான் அதிகம். இந்த இசையில் இதன் வேலை டிஸ்டார்ஷன் (கரகரப்பு) தருவது இல்லை, பேஸை, அதாவது கீழ் ஒலிகளைச் சீவுவது.

டி.ஆர்.ஐ. குழுவையே பாருங்கள். 1982-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் கிளம்பிய ஹார்ட்கோர் பங்க் குழு; முதல் வெளியீட்டில் ஒரே 7 அங்குல இசைத்தட்டில் 22 பாட்டு. அந்த அவசரத்தில் கிட்டார் கொழகொழத்தாலும் யாருக்கும் உறுத்தாது. 1987-ல் வந்த ‘கிராஸ்ஓவர்’ ஆல்பத்தில் மொத்தமே 12 பாட்டு. பாட்டு நீண்டது, மெட்டல் ரிஃப் முன்னுக்கு வந்தது. உள்ளங்கையால் தந்தியை லேசாக அழுத்தி அடிக்கும் பாம்-மியூட் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். நிமிடத்துக்கு 200 தாளம் (பிபிஎம்) என்ற வேகத்தில் பதினாறாம் ஸ்வரம் ஒன்றுக்குக் கிடைப்பது 0.075 வினாடி!

நம்மூர் அறைகள் இதற்கு எதிரி. புதுச்சேரியில் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கம் 10க்கு 12 அடி மாடி அறை, சிமெண்ட் சுவர் என்றால் 94, 112 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் அறையே கூடச் சேர்ந்து முழங்கும். ஏ தந்தி 110 ஹெர்ட்ஸ். ஆம்ப் கெயினை, அதாவது ஆம்பின் கரகரப்பு அளவை, 8-ல் வைத்தால் ரிஃப் குழைந்த சாதம்தான். ஆம்பில் பேஸ் குமிழைக் குறைத்தாலும் முழுசாகத் தீராது. பல ஆம்ப்களில் அது டிஸ்டார்ஷனுக்குப் பிறகு வருகிறது, குழைந்தது குழைந்ததுதான். டிஎஸ்9 சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை அதிகம் பெருக்காது. அதனால் ஆம்புக்குள் நுழையும்போதே சிக்னல் இறுகியிருக்கும்.

டிரைவ் பூஜ்யம், லெவல் முக்காலுக்கு மேல், டோன் நடுவில். ஆம்ப் கெயினை 7-லிருந்து 5-க்கு இறக்குங்கள். ஆம்ப் ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் இருக்க வேண்டும். கரகரப்பில்லாத கிளீன் சேனலில் போட்டால் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும். லெவலை ஏற்றும்போது ‘ஸ்ஸ்’ இரைச்சலும் ஏறும், வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டைப் பெடலுக்குப் பின்னால் வையுங்கள். பேஸ் கிட்டாருக்கு இது வேண்டாம், அடிவயிறே போய்விடும்.

அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இன்புட் கேபிளைச் செருகியபடி விட்டால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், மிதியை அணைத்திருந்தாலும்.

இதே சர்க்யூட்டைப் பார்த்துச் செய்த மலிவுப் பெடல்கள் ஏராளம். டிரைவைப் பூஜ்யத்திலேயே வைக்கப்போகிறவருக்கு அதுவே போதும். பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பழசு வாங்குகிறவர்கள் ஆம்பில் செருகி மூன்று குமிழையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கடற்கரை ஊரில் கிடந்த பெடல் கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்பினால் பெரும்பாலும் அடங்கும். ஜாக்கில் பச்சை பூத்திருந்தால் ஜாக்கை மாற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.