வீட்டில் வேலை, மாடிப்படியில் விபத்து: மூன்று நாட்டு விதிகள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் பாதுகாப்பு யார் பொறுப்பு? அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

அமெரிக்கா கிட்டத்தட்டக் கை கழுவிவிட்டது. 1999 நவம்பரில் அங்குள்ள தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா, டெக்சாஸ் நிறுவனம் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், வீடானாலும் பொறுப்பு முதலாளிக்குத்தான் என்றது. ஜனவரியில் விஷயம் வெளியே தெரிந்ததும் ஒரே களேபரம், உடனே கடிதம் வாபஸ். 2000 பிப்ரவரி உத்தரவு அப்படியே தலைகீழ்: வீட்டு அலுவலகத்தை ஓஷா சோதிக்காது, அங்குள்ள குறைகளுக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்கவும் செய்யாது. அடிபட்டால் இழப்பீடு தருவது மாநிலச் சட்டங்களின் பாடு.

ஜெர்மனி விழுந்த பிறகு தாங்குகிறது. 2018இல் ஒருவர் காலையில் எழுந்து, சாப்பிடாமல்கூட, கீழே இருந்த தன் அலுவலக அறைக்குச் சுழல்படியில் இறங்கும்போது வழுக்கி முதுகெலும்பை முறித்துக்கொண்டார். அது வேலைக்குப் போகும் வழிதான், ஆகவே பணி விபத்து என்று 2021 டிசம்பரில் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஜூனில் வந்த சட்டத்திருத்தம், அலுவலகத்தில் கிடைக்கும் அதே விபத்துக் காப்பீட்டை வீட்டுக்கும் நீட்டியிருந்தது.

ஆனால் கழுத்து வலிக்கு விழுந்த தேதி என்று ஒன்று கிடையாதே. அது மாதக்கணக்கில் மெல்ல வந்து உட்காரும். அதனால்தான் என் ஓட்டு பிரிட்டனுக்கு. அங்கே 1992ஆம் ஆண்டின் கணினித் திரை விதிகள் வீட்டுக்கும் செல்லும். தினமும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து திரை பார்ப்பவரின் நாற்காலி, மேசை, வெளிச்சம் எல்லாவற்றையும் நிறுவனம் மதிப்பிட வேண்டும். கேட்டால் கண் பரிசோதனைக்கும் அதுவே பணம் கட்ட வேண்டும். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை, பெரும்பாலும் ஊழியரே நிரப்பும் படிவம் போதும்.

ஓட்டை இருப்பதும் அந்தப் படிவத்தில்தான். நானும் அப்படி ஒன்றை நிரப்பியிருக்கிறேன். ‘முதுகைத் தாங்கும் நாற்காலி உள்ளதா?’ ‘ஆம்’ என்று டிக் அடித்தபோது கட்டிலில் தலையணைமேல் சாய்ந்திருந்தேன், லேப்டாப் மடியில். ‘இல்லை’ என்றால் நாலு மின்னஞ்சல் வருமே என்ற சோம்பல், வேறென்ன?

டிக்குக்குப் பதில், மேசையைப் பக்கவாட்டில் எடுத்த ஒரே ஒரு போட்டோ கேட்கலாம். திரை கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் வயர் நடைபாதையில் கிடக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். மேசை மட்டும் போதும், கட்டில் வேண்டாம்.