புல்வெளிக்கு அடியில் பழைய தோட்டம்: எந்தக் கருவி கண்டுபிடிக்கும்?

இங்கிலாந்து மாளிகைகளில் 17-ஆம் நூற்றாண்டில் கோலம் போட்டாற்போல் அமைத்த தோட்டங்கள் பல, அடுத்த நூற்றாண்டில் புல்வெளி மோகம் வந்ததும் மண்ணுக்கடியில் போய்விட்டன. மிஞ்சியிருப்பது மெல்லிய சரளைப் பாதை, பாத்தியின் ஓரம், ஈயக் குழாய், நீரூற்றின் அடித்தளம், அவ்வளவுதான். தோண்டாமல் இவற்றைத் தேட என் ஓட்டு மின்தடை அளவிக்கே.

அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள் பொருத்திய சட்டத்தைப் புல்லில் குத்திக் குத்தி நகர வேண்டும். இன்னும் இரண்டு முனைகள் தள்ளி ஓரிடத்தில் நிலையாக நிற்கும். ஈர மண்ணில் மின்சாரம் சுலபமாக ஓடும், சரளையில் திணறும். அதனால் படத்தில் பாதை தனியாகவும் பாத்தி தனியாகவும் பிரிந்து தெரியும். எட்டும் ஆழம் ஒரு மீட்டருக்குள்தான், தோட்டத்துக்கு அது தாராளம். ஆனால் வேலை மெதுவாக நடக்கும். பருவமும் பார்க்க வேண்டும்: மண் முழுக்க ஊறியிருந்தாலோ ஒரேயடியாக வறண்டிருந்தாலோ வித்தியாசம் மங்கிவிடும்.

மண்ணுக்கடியில் உள்ளவற்றால் காந்தப்புலத்தில் வரும் சிறு மாற்றங்களை அளக்கும் காந்தமானி வேகமானது, நடந்துகொண்டே அளக்கலாம். சுட்ட செங்கல் சுவர் இருந்தால் பளிச்சென்று காட்டும். ஈயக் குழாயோ அதற்குத் தெரியாது, சரளையும் பெரும்பாலும் தெரியாது. தோட்டமென்றால் இரும்பு வேலி, இரும்புத் தண்ணீர்க் குழாய், ஆணி எல்லாம் கிடக்கும். அவை போடும் கூச்சலில் மற்றது அமுங்கிப்போகும். அளப்பவர் பெல்ட் பக்கிளைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும்!

மண்ணுக்குள் ரேடியோ அலை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைப் பிடிக்கும் தரை ஊடுருவும் ரேடார் விலை கூடுதல். ஆனால் இந்த மூன்றில் அது மட்டுமே ஆழவாரியாக அடுக்கடுக்காகப் படம் தரும். ஒரே இடத்தில் பாதைமேல் பாதை போட்டிருந்தால் இதை விட்டால் வழியில்லை. ஜோர்டானின் பழங்கால நகரமான பெட்ராவில் 'கீழ்ச் சந்தை' என்று பெயரிட்டிருந்த இடம் குளமும் தோட்டமும் என்று 1998 அகழாய்வு காட்டியது. அங்கே ரேடாரையும் பயன்படுத்தினார்கள். அது வறண்ட பூமி. இங்கிலாந்தின் ஈரக் களிமண்ணிலோ அலை சீக்கிரமே மடிந்துவிடும். மரவேர்களும் குழப்பும்.

அப்புறம், செலவே இல்லாத போட்டியாளர் ஒன்று உண்டு: கடும் வெயில். 2018 கோடையில் சாட்ஸ்வொர்த் மாளிகைப் புல்வெளி காய்ந்தபோது, 1699-ஆம் ஆண்டுத் தோட்டத்தின் வரைபடமே புல்லில் தெரிந்தது. என்ன, வெயிலை நம்பி வேலைக்குத் தேதி குறிக்க முடியாது.