கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகள் யாருக்காக ஆடுகிறார்கள்?

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் கேரளத்துப் பாலக்காட்டின் கிழக்கோரத்தில், தமிழ் பேசுகிற எல்லை ஊர்களில், இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் நன்றாக பாஸ்கெட்பால் ஆடுகிற பிள்ளை ஒன்று இருந்தால், அது பக்கத்துச் சித்தூரிலோ பாலக்காட்டிலோ கல்லூரியில் சேருமா, கோயம்புத்தூருக்குப் போகுமா, பெண்ணாக இருந்தால் தெற்கே கோட்டயம் பக்கத்துச் சங்கனாச்சேரிக்கே போய்விடுமா? பெரும்பாலும் தோற்பது உள்ளூர்க் கல்லூரிதான். "நம்ம ஊர்ப் பிள்ளைகளே நமக்கு வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை" என்று இங்கே உடற்கல்வி சார்கள் அலுத்துக்கொள்வார்கள். கோவையில் பணம் கொடுத்து இழுக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. அதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

கேரள அரசுக் கல்லூரியில் ஃபீஸ் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. கோவையின் தனியார் கல்லூரியில் ஃபீஸ் அதிகம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வருகிற நல்ல ஆட்டக்காரனுக்கு அதைத் தள்ளுபடி செய்கிறார்கள். இரண்டு பக்கமும் அப்பா கையிலிருந்து போவது ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே? மாலை நாலரை மணிக்கு மேல்தான்.

கோவையில் பயிற்சி முடிகிற நேரத்துக்கு மெஸ்ஸில் சாப்பாடு தயாராக இருக்கும். முட்டை, பால் எல்லாம் கணக்கில் உண்டு. ராத்திரி லைட் போட்ட கோர்ட்டு இருக்கும். அதைவிட முக்கியம், எதிரே ஆட ஆள் இருப்பார்கள். ஊருக்குள்ளேயே கிளப்புகள், சீனியர்கள், கோவையில் நடக்கிற பி.எஸ்.ஜி. கோப்பைப் போட்டிக்கு நாடு முழுவதிலுமிருந்து வருகிற அணிகள். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் மாதிரி ஒரு டீம் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பையன், வார்ம்-அப் செய்கிற விதமே மாறிவிடும். எல்லைப் பக்கத்துக் கல்லூரியில் பையன் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பசி அடங்கி, தூக்கம் வந்துவிடும். முதல் வருடம் ஆர்வத்தில் ஓடும். இரண்டாம் வருடம் அவனே நின்றுவிடுவான். இதைத்தான் 'ஒழுங்கில்லை' என்று எழுதிவைக்கிறார்கள்.

பெண் பிள்ளை விஷயம் வேறு. தமிழ்நாட்டு ஆண்கள் அணி பெரிய அணி. கேரளத்தில் பெரியது பெண்கள் அணி. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டி இறுதியாட்டத்தில் ரயில்வேயையே வீழ்த்திய அணி அது. சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்த கீது அன்னா ஜோஸ், தெற்கு ரயில்வேக்கு ஆடி, 2011-இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் ட்ரயல்ஸ் வரை போனார். கேரள மின்வாரியத்தின் பெண்கள் அணி இன்றும் பலமான அணி. ஆகவே பெண்ணைப் பெற்றவர் ஹாஸ்டலின் கட்டுப்பாட்டையும் பார்ப்பார், பிறகு வருகிற வேலையையும் பார்ப்பார். சொந்த மாநிலத்திலேயே வேலை கிடைக்க வழியிருக்கும்போது, கோவை பக்கத்தில் இருப்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் படாது. பையன் கோவைக்குப் போகிறான், பெண் சங்கனாச்சேரிக்குப் போகிறாள். நடுவில் இருக்கிற கல்லூரிக்கு இருவருமே கிடைப்பதில்லை.

ஆனால் கோவையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அங்கே அணியில் பன்னிரண்டு பேர். சென்னை, மதுரை, தூத்துக்குடி என்று எங்கெங்கிருந்தோ ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்களில் வளர்ந்து ஆறரை அடி உயரத்தில் வருகிறவர்களுக்கு முன்னால், ஐந்தே முக்கால் அடி எல்லைப் பையன் பெஞ்சில்தான். கல்லூரி அணியில் பெஞ்சில் இருந்தால் பாரதியார் பல்கலைக்கழக அணிக்குப் போக முடியாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு ஆடியதற்கான ஃபார்ம் 3 சான்றிதழ் கையில் வராது. மத்திய அரசு வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கேட்பது அந்த மாதிரித் தாள்களைத்தான். போதாக்குறைக்கு, தமிழ்நாடு அரசின் விளையாட்டுச் சலுகைகள் பலவற்றுக்கும் அந்த மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும். எல்லை ஊரான வாளையாருக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், பிறந்து படித்தவனுக்கு அதில் பாதி கிடையாது. தமிழ் பேசுகிறான் என்பது விண்ணப்பத்தில் எங்கும் உதவாது.

உள்ளூரிலும் பாதை எளிதல்ல. பாலக்காட்டுக் கல்லூரிகள் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. திருச்சூர், இரிஞ்சாலக்குடா பக்கத்துக் கல்லூரிகளோடு மோத வேண்டும். ஆனால் கல்லூரி அணியில் முதல் ஐந்தில் இடம் கிடைக்கும். ஆடுகிறவனைத்தான் செலக்டர் பார்ப்பார். 2024 முதல் கேரளத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. விருப்பப்பட்டால் பிள்ளைக்கு இன்னொரு சீசன் கூடுதலாகக் கிடைக்கிறது, கோச்சுக்கும் அதே லாபம். கேரள அரசு வருடத்துக்கு ஐம்பது விளையாட்டு வீரர்களுக்கு வேலை தருகிற திட்டமும் இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைக்குச் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் இருக்கிறது; பாடம் புரியாமல் தவிக்க வேண்டியதில்லை.

அப்புறம் சில கல்லூரிகளுக்குத் தெரிந்த குறுக்குவழி ஒன்று உண்டு: வெளியூரிலிருந்து இரண்டு உயரமான பையன்களைக் கொண்டுவருவது. ஒரு வருடம் கோப்பை வரும், பேப்பரில் படம் வரும். அவர்கள் போனதும் கோர்ட்டில் புல் முளைக்கும். அமெரிக்கக் கல்லூரிகளிலும் உள்ளூர்ப் பையன் வேறிடம் போவது சகஜம்தான். 2021-க்குப் பிறகு அங்கே கல்லூரி மாறுவது இன்னும் சுலபமாகிவிட்டது. ஆனால் அங்கே ஒருவன் போனால் இன்னொருவன் வர வரிசை இருக்கிறது. நமக்கு அந்த வரிசையே இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து பழக்காத கல்லூரி, பிளஸ் டூ முடிந்தபிறகு ஆள் தேடுவது வீண். உருப்படியாகச் செய்ய நினைத்தால் பயிற்சி முடிந்ததும் ராத்திரிச் சாப்பாடு, வீட்டுப் பக்கம் போக ஒரு வண்டி, இந்த இரண்டில் பணத்தைப் போடலாம். புது ஜெர்சி அப்புறம்.

என் கணிப்பு இதுதான். ஆறடி நாலு அங்குலத்துக்கு மேல் போகிற பையன் கோவைக்குப் போகட்டும், தடுப்பது பாவம். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற 'கார்டு' இடத்தில் ஆடுகிறவன் உள்ளூரில் சேர்ந்து, விடுமுறையில் கோவைக் கிளப்புகளோடு ஆடட்டும். பெண்ணுக்கு, உள்ளூரில் ஹாஸ்டலும் லேடி கோச்சும் இல்லாதவரை, சங்கனாச்சேரிதான் சரி. எங்கே சேர்ந்தாலும் சேரும் முன் கோச்சிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: போன சீசனில் உங்கள் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழக அணிக்கு எத்தனை பேர் போனார்கள், அதில் முதல் வருடப் பிள்ளைகள் எத்தனை பேர்?