பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தானுக்குத் தான்னி: ஒரு கணினி ஆசிரியரின் மதிப்புரை

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் 2019-20 கல்வியாண்டு முதல் பைத்தான் என்ற நிரலாக்க மொழி இருக்கிறது. பாடநூல், நிரலை எழுதி இயக்குவதற்காகப் பைத்தானுடன் சேர்ந்தே வரும் ஐடில் மென்பொருளைக் கொண்டு நிரல்களை விளக்குகிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நிரலின் விடையைக் காட்டும் அளவுக்கு, அந்த விடை எப்படி வந்தது என்பதை அது எளிதில் காட்டுவதில்லை. மேலூர் வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ்வழி மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற நான், அந்தக் குறையை நிரப்புவதற்காகவே தான்னி என்ற மென்பொருளை ஆய்வகத்தில் பயன்படுத்தி வருகிறேன்.

எஸ்தோனியா நாட்டின் தார்த்து பல்கலைக்கழகத்தில், நிரலாக்கத்தை முதன்முதலாகக் கற்பவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட இந்த மென்பொருள் இலவசமானது, கட்டற்ற உரிமம் கொண்டது. பைத்தானும் இதற்குள்ளேயே இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிக்கொள்ள நிர்வாகியின் கடவுச்சொல்லும் தேவையில்லை. அந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே ஒரு பாடவேளை போய்விடும் ஆய்வகங்களில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதன் உண்மையான பலம், நிரலைப் படிப்படியாக ஓட்டிக் காட்டும் பிழைநீக்கி. தன்னையே அழைத்துக்கொள்ளும் நிரல்பகுதியைச் சொல்லும் தற்சுழற்சி செயற்கூறு பாடத்தில் வரும் காரணீயப் பெருக்க (4 × 3 × 2 × 1 போன்ற) நிரலை எடுத்துக்கொள்வோம். 4 என்ற எண்ணைக் கொடுத்துப் பிழைநீக்கியை இயக்கி, எஃப் 7 விசையை ஒவ்வொரு முறையாக அழுத்தினால், கோவையில் உள்ள மாறியின் (மதிப்பைத் தாங்கும் பெயர்) பெயர் மறைந்து அந்த இடத்தில் 4 என்ற மதிப்பு அமர்கிறது. பெருக்கலின் மறுபக்கத்தில் செயற்கூறு தன்னையே அழைக்கும் கணத்தில், அந்த அழைப்புக்கென்று தனிச் சாளரம் ஒன்று திறக்கிறது. அந்தச் சாளரத்தில் மாறியின் மதிப்பு 3. இப்படியே 2, 1, 0 என்று சாளரத்தின் மேல் சாளரமாக ஐந்து அடுக்குகள் சேர்ந்த பிறகு, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு 1, 1, 2, 6, 24 என விடைகளைத் திருப்பி அனுப்புகின்றன. மேல் சாளரத்தில் 3 தெரிந்ததும் “சார், அந்த நாலு எங்க போச்சு?” என்று ஒரு மாணவி கேட்டார். சாளரத்தைச் சற்று நகர்த்தினேன். அடியில் இருந்த சாளரத்தில் 4 அப்படியே இருந்தது. ஒரு மாறி நிரலின் எந்தப் பகுதிக்குள் செல்லுபடியாகும் என்று சொல்லும் வரையெல்லைப் பாடத்தில் உள்ளமை மாறி, முழுதளாவிய மாறி என்று நாம் கரும்பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து காட்டுவது இங்கே திரையிலேயே நடக்கிறது. பதிவேட்டு நிரல்களை எழுத்து மாறாமல் மனப்பாடம் செய்து 20 மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கு வரும் பழக்கத்தை எந்த மென்பொருளும் ஒழித்துவிடாது என்றாலும், நிரலின் நடுவே ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று மாணவர்கள் தாமாகவே சோதித்துப் பார்ப்பதை நான் கண்டது இதில்தான்.

மூடாத அடைப்புக்குறியையும் மேற்கோள் குறியையும் தட்டச்சு செய்யும்போதே வேறு நிறத்தில் காட்டுவது சிறிய வசதிதான். புதியவர்களின் பிழைகளில் பெரும்பகுதி இவையே என்பதால் ஆசிரியருக்கு நல்ல ஓய்வு.

உலாவியிலேயே நிரலை இயக்கிக் காட்டும் இணையவழித் தொகுப்பிகளைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம் எளிது: ஆய்வகத்தில் இணையம் நின்றாலும் வகுப்பு நிற்பதில்லை. கைபேசியில் உலாவி வழியாகப் பயிற்சி செய்ய அவை உதவுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் கணினியே இல்லாத வீட்டு மாணவர்களுக்குத் தான்னியால் பயனில்லை என்பதால், வீட்டுப்பாடத்துக்கு இன்னமும் அவற்றைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. பிழைச் செய்திகளும் அவற்றுக்கு உதவியாளர் பலகம் தரும் விளக்கமும் ஆங்கிலத்தில் வருவதால், தமிழ்வழி மாணவருக்கு ஆசிரியர் அருகில் நின்று சொல்லத்தான் வேண்டும். சிறிய திரையில் சாளரங்கள் ஒன்றையொன்று மறைத்து, மூன்றாம் அடுக்கிலேயே மாணவர்கள் வழி தவறிவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடும் மடக்குகளைப் படிப்படியாகப் பார்ப்பது பொறுமையைச் சோதிக்கும். மதிப்புகளைக் குறைத்துக்கொண்டு காட்டுவதே நல்லது. பதினொன்றாம் வகுப்பின் சி++ இதில் இயங்காது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே சி++ நிரலைப் பைத்தானுக்குள் அழைக்கும் பாடத்துக்கு, சி++ நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மின்ஜிடபிள்யூ தொகுப்பியைத் தனியாக நிறுவ வேண்டும். அந்த ஒரு பாடத்துக்கு நான் கட்டளைத் திரைக்கே திரும்பிவிடுகிறேன். தரவுத்தளம் பற்றிய எஸ்க்யூலைட் பாடத்துக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

பதிவிறக்கும் முன் ஆய்வகக் கணினிகளின் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினிகளுக்கென்று பைத்தான் 3.8 கொண்ட 32 பிட் நிறுவி தனியாகக் கிடைக்கிறது. அதைப் பென்டிரைவில் கொண்டுபோனால் போதும். வரைபடப் பாடத்துக்கு வேண்டிய மேட்பிளாட்லிப் தொகுதி மட்டும் இதனுடன் வருவதில்லை. இணையம் இருக்கும் நாளிலேயே கருவிகள் பட்டியலில் உள்ள தொகுதி மேலாளர் வழியாக அதை ஒவ்வொரு கணினியிலும் நிறுவி வைத்துவிடுவது நல்லது.