ரன்ஃப்ளாட் டயருக்குப் பஞ்சர் ஒட்டலாமா? ஐந்து வருடம் ஓட்டிய பின் சொல்கிறேன்

அக்கரைப்பற்றில் இருக்கும் கூட்டாளி ஒருவன் போன கிழமை அழைத்தான். கொழும்பில் ஒரு பிஎம்டபிள்யூ இஸட்4 விலைக்கு வந்திருக்கிறதாம், என்னுடையதைப் போலவே 2004ஆம் ஆண்டு வண்டி. எஞ்சினைப் பற்றியோ கூரைத் துணியைப் பற்றியோ அவன் கேட்கவில்லை. "மச்சான், அந்த டயரை வச்சிக்கொண்டு நம்மட ஊரில சமாளிக்கலாமா?" என்ற ஒரே கேள்விதான். அரை மணி நேரம் பேசியும் சொல்லி முடியவில்லை. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

வண்டியின் மற்ற விபரங்கள் தேடினால் கிடைக்கும். இதில் ஸ்பெயார் டயர் இல்லை, வைப்பதற்கு இடமும் இல்லை. அதற்குப் பதிலாகக் கம்பனி போட்டு அனுப்பியது பக்கச் சுவர் தடித்த ரன்ஃப்ளாட் டயர். காற்று முழுவதும் இறங்கினாலும் அந்தச் சுவரே வண்டியைத் தாங்கி நிற்கும். மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் போகாமல் 80 கிலோமீற்றர் தூரம் ஓடலாம் என்பது கணக்கு. கல்லடியில் என் வீட்டிலிருந்து திருக்கோவிலில் மாமா வீட்டுக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஊருக்கு வெளியே நம் நாட்டில் காருக்கு விட்டிருக்கும் வேகமே 70 தான்.

அந்த டயருக்கு நான் கடமைப்பட்ட இரவை முதலில் சொல்ல வேண்டும். 2022 மார்கழி. கொழும்பிலிருந்து மனைவியோடு திரும்பி வருகிறேன். பொலன்னறுவையில் தொடங்கிய மழை விடவே இல்லை. வெலிக்கந்தை தாண்டி, இரவு பத்து மணியைப் போல, டயர் விளக்கு எரிந்து மணியும் அடித்தது. அந்த வீதியில் ஓடியவர்களுக்குத் தெரியும், புணானை வரை இரண்டு பக்கமும் காடு, யானை கடக்கிற இடம். பகலிலேயே அங்கே இறங்கி நிற்க மனம் வராது. சாதாரண டயர் என்றால் அந்த இருட்டில், மழையில், ஜக் அடித்துக்கொண்டு நின்றிருப்போம். நான் நிற்கவில்லை. ஐம்பதில் வைத்து மெதுவாக ஓட்டினேன். பின்பக்கம் கொஞ்சம் இழுத்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

வாழைச்சேனையில் வெளிச்சமான ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்திப் பார்த்தால் நான்கு டயரும் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. மனைவி, "எதில காத்துப் போயிருக்கு?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வால்வாக அழுத்திப் பார்த்தேன். பின்பக்கம் இடதில் மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. அதே டயரோடு கல்லடிக்கு வந்து சேர்ந்தோம். விளக்கு எரிந்த இடத்திலிருந்து வீடு வரை அறுபது கிலோமீற்றருக்குக் குறையாது. அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் அந்த டயரைக் குறை சொல்ல வாய் வராது.

மறுநாள் காலையில் தொடங்கியது மற்றது.

நகரத்தில் ஒரு டயர் கடைக்காரர் சில்லைக் கையில் வாங்கினார், பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தார், திருப்பித் தந்தார். "இது ஒட்டுற டயர் இல்ல சேர். எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்க." ரிம்மிலிருந்து கழற்றக்கூட இல்லை. இன்னொரு கடையில் கழற்றப் பார்த்தார்கள். இரண்டு லீவர், பிறகு ஒரு சின்ன அலவாங்கு. ரன்ஃப்ளாட்டின் சுவர் அப்படி வளைந்து கொடுக்காது. ரிம்மின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்ததும் நான் போதும் என்று நிறுத்திவிட்டேன். கடைசியில் சில்லைக் கழற்றிக் கொழும்பு லொறியில் ஏற்றி அனுப்பி, புது டயர் போட்டு வரும் வரைக்கும் பன்னிரண்டு நாள் வண்டி கல்லில் நின்றது. அந்த ஒரு டயர் விலைக்கு நல்ல சாதாரண டயர் இரண்டு வாங்கலாம். பழையதைத் திருப்பி அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு ஆணித் துளைக்காக டயரையே எறிவதா என்ற ஆத்திரம் எனக்கு ஆறவில்லை.

இரண்டாவது பஞ்சர் 2023 ஆவணியில். சின்னப்போக வெள்ளாமை வெட்டுக் காலம். சம்மாந்துறை வீதியில் உழவு மெசினும் வெட்டு மெசினுமாக ஓடும், வீதியோரத்தில் நெல் காயும். ஆணியும் நட்டும் எங்கேதான் கிடக்கும் என்று சொல்ல முடியாத காலம். காரைதீவுச் சந்திக்கு வரும்போது விளக்கு எரிந்தது. முதல் அனுபவத்துக்குப் பிறகு காற்று அளவி ஒன்று எப்போதும் வண்டியில் வைத்திருக்கிறேன். அளந்தேன்: 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 20. அதாவது டயர் வெறுமையாகவில்லை, ஒரு ஸ்குரூ குத்தி மெல்லக் காற்றுப் போகிறது. நடுப்பகுதியில், சின்னத் துளை. ஒட்டுவதற்கு இதைவிட நல்ல பஞ்சர் கிடையாது.

ஆனால் நடந்தது என்ன? பக்கத்துக் கடையில் வெளியிலிருந்தே ரப்பர் திரியைக் குத்தி ஏற்றிப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மூன்று கிழமையில் அது கசியத் தொடங்கியது. அந்த மாதம் கொழும்புக்குப் போன இடத்தில், கண்ணாடி போட்ட பெரிய டயர் கடை ஒன்றில் காட்டினேன். திரியைக் கண்டதும், "ரன்ஃப்ளாட்டை ஒட்டவே கூடாது" என்று சொல்லிப் புதியதொன்றை விற்றார்கள். இங்கேயும் யாரும் உள்ளே பார்க்கவில்லை.

ஒருவர் திறக்காமல் எறியச் சொல்கிறார், ஒருவர் திறக்காமல் ஒட்டுகிறார், ஒருவர் திறக்காமல் புதியதை விற்கிறார். ஐந்து வருடத்தில் என்னை வேகவைத்தது இந்த ஒரு விடயம்தான். கெட்டித்தனமான ஓட்டம், குழியில் இறங்கினால் முதுகில் அடிக்கும் குத்து, இவையெல்லாம் பழகிவிட்டன.

ரன்ஃப்ளாட்டை ஒட்டலாமா கூடாதா என்பதை ஆணி முடிவுசெய்வதில்லை. காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்பதுதான் முடிவுசெய்கிறது. வெறுமையான டயரில் ஓடும்போது வண்டியின் பாரம் முழுவதும் பக்கச் சுவரில் இறங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் சுவர் மடங்கி நிமிர்கிறது, சூடேறுகிறது, உட்புற ரப்பர் அரைந்து தூளாகிறது. வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. அந்தச் சுவரில்தான் அடுத்த முறை உங்கள் உயிர் நிற்கப்போகிறது. அதனால்தான் டயர் கம்பனிகளே இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. சில, நிபந்தனையோடு ஒரு முறை ஒட்டலாம் என்கின்றன. சில வேண்டவே வேண்டாம் என்கின்றன. ஒட்டுவதென்றால் தரையில் படும் பகுதியின் அகலத்தில் நடு முக்கால் பங்குக்குள், 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத துளையாக இருக்க வேண்டும் என்பது பிரித்தானியாவின் விதி. பக்கச் சுவரில் குத்தினால் பேச்சே இல்லை.

சரி, மூன்றாவதுக்கு வருகிறேன். இந்த வருடம் பங்குனியில், கல்முனையில். காலையில் அளந்தபோது 32 இருக்க வேண்டிய இடத்தில் 24. பின்பக்கம் இடதில் ஆணியின் தலை தெரிந்தது. அதைப் பிடுங்காமல் அப்படியே ஓட்டிப் போனேன். நீங்களும் பிடுங்க வேண்டாம், ஆணி இருக்கும் வரைக்கும் காற்று மெதுவாகத்தான் போகும். பிரதான வீதியில் ஒரு கடை. முதலாளி காக்கா கணக்குக் கொப்பியோடு இருந்தார். வேலை செய்தது கத்தாரில் ஆறு வருடம் டயர் கடையில் நின்று திரும்பிய ஒரு தம்பி. அவன் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

"அண்ணன், காத்தில்லாம எவ்வளவு தூரம் ஓடினீங்க?"

ஓடவில்லை, 24க்குக் கீழே இறங்கவே இல்லை என்றேன். "அப்ப பாப்பம். உள்ள பாத்துட்டுத்தான் சொல்லுவன்."

சில்லைக் கழற்றி முதலில் வெயிலில் சாய்த்து வைத்தான். அரை மணி நேரம். ஏன் என்று கேட்டேன். சுவர் சூட்டில் கொஞ்சம் இளகினால் விளிம்பு ரிம்மின் மேட்டைத் தாண்டி வரும், குளிரில் வராது என்றான். அந்த மேடு இந்த ரிம்மில் சாதாரண ரிம்மைவிட உயரம், காற்றுப் போனாலும் டயர் கழன்றுவிடாமல் பிடித்து வைக்க. பிறகு இரண்டு பக்க விளிம்புக்கும் சவர்க்காரப் பசையைத் தாராளமாகப் பூசினான். கடையில் துணைக் கை பூட்டிய மெசின் இருந்தது. அந்தக் கை டயரை அழுத்திப் பிடிக்க, லீவரின் நுனிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, ஒரு கீறலும் விழாமல் எடுத்தான். அலவாங்கின் கீறல் இருந்த சில்லும் அதுதான். அவன் அதைத் தடவிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

டோர்ச் அடித்து உட்சுவரைச் சுற்றிலும் பார்த்தான். பிறகு விரலால் தடவினான், முழுச் சுற்று. "தூள் இல்ல. சுருக்கம் இல்ல. நிறம் மாறல்ல." விரலை எனக்குக் காட்டினான், சுத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் ஆணியைப் பிடுங்கினான்.

துளையை ஒரு சின்னத் துளைகருவியால் நேராக்கி, உட்புறத்தை உரஞ்சி, பசை பூசிக் காயவிட்டு, காளான் மாதிரி ஒன்றை உள்ளிருந்து வெளியே இழுத்தான். காம்பு துளையை அடைக்கும், தலை உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே நீட்டியதை வெட்டி, உள்ளே சின்ன உருளையால் அழுத்தி, ஓரத்தில் அடைப்புப் பசை பூசி, காற்றடித்துச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, பலன்ஸ் செய்து மாட்டினான். எல்லாமாக இரண்டு மணி நேரம். கேட்டது 2,500 ரூபா. நான் கூடக் கொடுத்தேன், அவன் வாங்கவில்லை, காக்கா தேத்தண்ணி வரவழைத்தார்.

ஒட்டி முடிந்ததும் டயர் எச்சரிக்கையை மீண்டும் பதிய வைக்க மறக்கக் கூடாது. இந்த வண்டியில் டயருக்குள் அழுத்தமானி கிடையாது. பிரேக்குக்கான ஏபிஎஸ் உணரிகள் நான்கு சில்லும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்கும். காற்றை மாற்றியதும் அந்தப் பொத்தானை அழுத்திப் பிடிக்காவிட்டால் பழைய கணக்கிலேயே இருக்கும். ரன்ஃப்ளாட்டைக் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது என்பதை வாழைச்சேனையில் கண்டவன் நான். அந்த விளக்கு இல்லாவிட்டால் காற்றில்லாமல் ஓடுவதே தெரியாது.

அடுத்த கிழமை, வீட்டுக்குப் பின்னால் கிடந்த அந்த முதல் டயரை அவனிடம் கொண்டுபோனேன். உள்ளே டோர்ச் அடித்தான். கையை விட்டு எடுத்தபோது விரல் முழுக்கக் கறுப்புத் தூள். சுவரில் சுற்றிவர ஒரு வளையம், கசங்கிய துணி போல. நான் இத்தனை நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த அந்த நகரத்துக் கடைக்காரர் சொன்னது சரி. அறுபது கிலோமீற்றர் வெறுமையாக ஓடிய டயரை எறியத்தான் வேண்டும். இதை அவருக்காக எழுதிவைக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அவர் திறந்து இந்தத் தூளை என் விரலில் காட்டியிருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் எறிந்திருப்பேன். காரைதீவு டயருக்கு அப்படி ஒரு நியாயமும் இல்லை. அது நல்ல டயர், அநியாயமாகப் போனது.

கூட்டாளிக்கு: வண்டியைப் பார்க்கப் போகும்போது நான்கு டயரின் பக்கத்தையும் வாசி. ரன்ஃப்ளாட் என்பதற்கு அடையாளமாக, பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, மிஷலின் என்றால் இஸட்பி, குட்இயர் என்றால் ஆர்ஓஎஃப், கொண்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர் என்று இருக்கும். ஒரு டயரில் அந்த எழுத்து இருந்து, இன்னொன்றில் இல்லாவிட்டால் யாரோ கலந்து போட்டிருக்கிறார்கள், விலையைக் குறைக்கச் சொல். பக்கத்தில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் பார். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பழைய ஒட்டு இருந்தால் உள்ளே பார்க்காமல் நம்பாதே.

இனி என் முடிவு. கல்முனைத் தம்பி போன மாதம் திரும்பவும் கத்தாருக்குப் போய்விட்டான். காக்காவிடம் கேட்டேன், அந்த மெசினில் ரன்ஃப்ளாட் கழற்ற வேறு யாரும் இல்லை என்றார். மட்டக்களப்பிலும் நான் விசாரித்த ஐந்து இடத்தில் ஒரே பதில்தான்: எறியுங்கள். அதனால் நான்கையும் சாதாரண டயராக மாற்றுகிறேன். இரண்டை மட்டும் மாற்றிக் கலந்து ஓட்டுவது சரியில்லை. பஞ்சர் திரவமும் சின்னக் காற்றுப் பம்பும் பின்பெட்டியில் இருக்கும். இதே வண்டியின் எம் மொடலைக் கம்பனியே சாதாரண டயரும் அப்படியொரு பெட்டியுமாகத்தான் விற்றது, ஆகவே இது வண்டிக்கு ஒவ்வாத வேலை இல்லை.

மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. புணானையை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். நினைக்காமல் இல்லை. கழற்றுகிற நான்கையும் விற்கப்போவதில்லை, நிழலில் அடுக்கி வைக்கப்போகிறேன். ஒட்டிய டயர் இன்று காலையும் 32 தான் காட்டியது.