குற்றப்பத்திரிகைக்கு முன்னால் எந்த வக்கீல்?

"ஒரு என்கொயரி, ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்று போன் வந்தால், நம் ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தனியாகப் போய்ப் பேசிவிட்டு வா என்பார் ஒருவர். அரசியல் கட்சிக்காரரைப் பிடி என்பார் இன்னொருவர். சென்னையிலோ மதுரையிலோ ஐகோர்ட் வக்கீலைப் பார் என்பது விவரம் தெரிந்த சித்தப்பாவின் கட்சி. உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் கிரிமினல் கேஸ் நடத்துகிறவர் போதும் என்பது நான்காவது. இலவச சட்ட உதவி என்று ஐந்தாவது வழியும் இருக்கிறது, அதை யாரும் நினைப்பதே இல்லை. கூட்டு வியாபாரம் முறிந்து என் மச்சான் மேல் மோசடிப் புகார் போனபோது இத்தனையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அலசினோம். எடுத்தது நான்காவது. இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தனியாகப் போவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாட்சியாகக் கூப்பிடுகிறார்களா, குற்றம் சாட்டப்பட்டவராகவா என்பதே போனில் தெரியாது. முதலில் அதைத் தெரிந்துகொள்ளவாவது ஒருவர் வேண்டும்.

கட்சிக்காரர் வழியை நான் கேலி செய்ய மாட்டேன். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு, எஃப்.ஐ.ஆர். போடாமல் நிற்கிற மனு விசாரணையில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிக்கிற திறமை சிலருக்கு உண்டு. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் அவருக்கு அங்கே வேலை குறைவு. அதைவிட முக்கியம், அவரிடம் நாம் கொட்டிய கதைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. வக்கீலிடம் சொன்னதை நம் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே அவரைக் கட்டிப்போடுகிறது (புதிய சட்டத்தில் 132-ஆவது பிரிவு). கவுன்சிலர் டீக்கடையில் சொல்லலாம், எதிர்த்தரப்பிடமும் சொல்லலாம்.

ஐகோர்ட் வக்கீலுக்கு வருவோம். முன்ஜாமீன் வேண்டுமானால் செஷன்ஸ் கோர்ட் அல்லது ஐகோர்ட்தான். எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யக் கேட்பதும் ஐகோர்ட்டில்தான். ஐகோர்ட்டில் நடக்கிற வேலைக்கு அவர்களை விட்டால் ஆளில்லை. 'சீனியர்' அந்தஸ்து பெற்றவரை நாம் நேரடியாக அமர்த்தவும் முடியாது, இன்னொரு வக்கீல் வழியாகத்தான் போக வேண்டும். நாங்கள் விசாரித்த இடத்தில் முதல் நாளே முன்ஜாமீன் மனு போட்டுவிடலாம் என்றார்கள். பணத் தகராறு வழக்கில் அதற்கு ஒரு விலை உண்டு: இவ்வளவு தொகையைக் கட்டினால் முன்ஜாமீன் என்று நிபந்தனை வரக்கூடும். முன்ஜாமீன் கோர்ட்டுகள் பணம் வசூலிக்கும் இடமாகக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகும் அந்தப் பயம் எங்களுக்குப் போகவில்லை.

உள்ளூர் வக்கீல் செய்தது வேறு. போன் அழைப்புக்கு ஓட வேண்டாம், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள் என்றார். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 35(3) நோட்டீஸ். பழைய சட்டத்தில் 41-ஏ. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸை மதித்து ஆஜராகிக்கொண்டே இருக்கிறவரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. மோசடிக்கு அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்ற 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பும் பக்கத்துணை. அதனால் முன்ஜாமீன் மனுவைத் தேவைப்பட்டால் பிறகு போட்டுக்கொள்ளலாம், இப்போது ஆஜராவோம் என்றார்.

வக்கீல் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கைதானவர்கூட விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் கூட வைத்துக்கொள்ள முடியாது என்றுதான் சட்டம் சொல்கிறது. எங்களவர் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவருடைய உழைப்பெல்லாம் முந்தின நாள் மாலையே முடிந்திருந்தது. எதற்குப் பதில் சொல்லலாம், நம்மையே குற்றத்தில் மாட்டும் கேள்விக்கு எப்படி மௌனமாக இருக்கலாம் என்று மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அரசியலமைப்பின் 20(3) தருகிற அந்த உரிமை கோர்ட் கூண்டுக்கு மட்டுமல்ல, ஸ்டேஷனுக்கும் உண்டு என்று 1978 நந்தினி சத்பதி வழக்கிலேயே முடிவாகிவிட்டது. விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்பதையும் அவர் சொல்லித்தான் தெரியும். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் தாளை நீட்டியபோது மச்சான் பணிவாக மறுத்தார். "வக்கீல் சொன்னாரா?" என்று ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் இல்லை. காலம்தான்.

சிறையில் இருப்பவருக்கு ஒரு கெடு உண்டு. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவர் உரிமை. நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வெளியே இருப்பவருக்கு அந்தக் கெடுவே கிடையாது. மூன்று ஆண்டுத் தண்டனைக் குற்றம் வரை, கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்ளக் காலவரம்பு இருக்கிறது. ஏழு ஆண்டு மோசடிக்கு அதுவும் இல்லை. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது, நமக்குச் சொல்ல வேண்டும் என்று இல்லை. இதற்கிடையில் இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போவார். புதியவர் கோப்பைத் திறந்து முதலிலிருந்து கேட்பார். வங்கிக் கணக்கு விவரம் கொண்டுவா, பழைய பில் எங்கே, போனைக் கொடு. ஒவ்வொரு தடவையும் யாராவது முந்தின தடவை என்ன கொடுத்தோம் என்று நினைவு வைத்திருக்க வேண்டும். எங்கள் வக்கீலின் குமாஸ்தா ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் எடுத்து, ஸ்டேஷன் முத்திரையோடு ஒப்புகை வாங்கி ஒரு ஃபைலில் தைத்து வைத்தார். போனைக் கேட்டபோது, கைப்பற்றியதற்கு மகஜர், அதாவது எழுத்துப் பதிவு, எழுதிக் கொடுத்தால் தருகிறோம் என்று சொல்லவும் ஒருவர் இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கிறவர், அரை மணியில் வரக்கூடியவர், அந்த ஸ்டேஷன் ரைட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். எந்தப் பெரிய வக்கீல் ஆபீஸும் இதைத் தராது. ஒவ்வொரு வருகைக்கும் காரும் ஜூனியரும் பில்லும் வரும்.

அதனால்தான் பீஸ் பேசும்போதே "குற்றப்பத்திரிகை வரைக்கும் மொத்தமா, வருகைக்கு இவ்வளவா" என்று கேட்டுவிடுங்கள். மொத்தம் என்றால் முதலில் அதிகமாகத் தெரியும், பின்னால் அதுதான் மலிவு.

இலவச சட்ட உதவி பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் பயன்படுத்தியதைப் பார்த்ததோடு சரி. ஆனால் அது கைதான பிறகுதான் என்ற எண்ணம் தவறு. ஸ்டேஷனுக்குக் கூப்பிடப்பட்ட நிலையிலேயே உதவ வேண்டும் என்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2019-இல் நெறிமுறை வகுத்தது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100-க்கு அழைக்கலாம், மாவட்டக் கோர்ட் வளாகத்தில் ஆபீஸ் இருக்கிறது. தனியார் வழக்கு எடுக்காத முழுநேரப் பாதுகாப்பு வக்கீல்களை 2022 திட்டத்தில் நியமித்திருக்கிறார்கள். ஒரே ஆள் கடைசிவரை வருவாரா என்பதை மட்டும் முதல் நாளே கேளுங்கள். வருவாரென்றால், பணம் இல்லாத இடத்தில் நான் அதைத்தான் எடுப்பேன்.

நான் சொன்னதெல்லாம் உள்ளூர் போலீஸ் விசாரிக்கும் பண வழக்குக்கு. அமலாக்கத் துறை சம்மன் வந்தால் கணக்கு மாறிவிடும். அவர்கள் போலீஸ் இல்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்குமூலம் நமக்கு எதிராகவே நிற்கும். அதற்கு எங்கள் ஊர் வக்கீலையே கேட்டேன். சென்னையில் அமலாக்கத் துறை வழக்கு மட்டும் பார்க்கிற ஒருவரின் நம்பரைத்தான் அவர் எழுதிக் கொடுத்தார்.