கிட்ஹப், கிட்லேப், கோட்பெர்க்: இஷ்யூக்களை எங்கே வைப்பது?

இந்த மூன்றும் மென்பொருள் திட்டங்களின் நிரலை வைத்துப் பலர் சேர்ந்து வேலை செய்யும் இணையத் தளங்கள். நிரலை வேறு தளத்துக்குக் கொண்டுபோவது எளிது. ‘கிட் குளோன்’ என்று ஒரு கட்டளை போட்டால் முதல் கமிட்டிலிருந்து (நிரலில் பதிவான ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்) நேற்றைய கமிட் வரை எல்லாம் கூடவே வந்துவிடும். ஆனால் இஷ்யூக்கள், அதாவது பிழைகளையும் யோசனைகளையும் பதிந்து பேசும் பக்கங்கள், வராது. பிழையை யார் சொன்னார், அதை ஏன் இந்த விதமாகத் திருத்தினோம், எந்த யோசனையை எதனால் கைவிட்டோம் என்ற பேச்செல்லாம் தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு திட்டத்துக்குத் தளம் தேடுபவர்கள் இஷ்யூ வசதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். மூன்று தளங்களை அந்த ஒரு கோணத்தில் மட்டும் பார்க்கலாம்.

கிட்ஹப்பின் பெரிய பலம் கூட்டம். பிழை சொல்ல வருபவரிடம் பெரும்பாலும் அங்கே கணக்கு இருக்கும். புதிதாகப் பதிவு செய்யச் சொன்னால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். உங்கள் இஷ்யூவை வேறொரு திட்டத்தில் யாராவது சுட்டினால், அந்தத் தகவலும் உங்கள் இஷ்யூவின் அடியில் தானாக வந்து நிற்கும். ஒன்றையொன்று சார்ந்த நூலகங்களுக்கு (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளுக்கு) இது பெரிய உதவி. பக்சில்லா என்ற பிழைப்பதிவு மென்பொருளைத் தனியாக வைத்திருந்த எல்எல்விஎம் கம்பைலர் திட்டம் 2021 டிசம்பரிலும், தனிப் பிழைப்பதிவுத் தளம் வைத்திருந்த பைத்தான் நிரல்மொழி 2022 ஏப்ரலிலும் கிட்ஹப் இஷ்யூஸுக்கு மாறின.

கூட்டத்துக்கு விலையும் உண்டு. “எனக்கும் இதே பிரச்சினை” என்று ஒற்றை வரிகள் குவிவதையும், விவரமே இல்லாத புகார்கள் வருவதையும் சொல்லி, 2016 ஜனவரியில் பல திறமூலத் திட்டங்களின் பராமரிப்பாளர்கள் சேர்ந்து கிட்ஹப்புக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் இஷ்யூ எழுதுபவருக்கு முன்கூட்டியே தரும் மாதிரி உரையான டெம்ப்ளேட்டும், கட்டைவிரல் போன்ற ரியாக்‌ஷன்களும் வந்தன. இன்று யாமல் என்ற வடிவத்தில் எழுதும் ஓர் அமைப்புக் கோப்பில் படிவமே எழுதலாம்: பதிப்பு எண், இயங்குதளம், பிழை எப்படி வந்தது என்பதையெல்லாம் கட்டாயப் புலங்களாக வைக்கலாம். புதிய திட்டம் தொடங்குபவர்கள் இஷ்யூக்களை வகைப்படுத்தும் லேபிள்களுக்கு நிறம் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். கோட்பெர்க்கிலும் இத்தகைய படிவம் உண்டு. கிட்லேபில் டெம்ப்ளேட் என்பது வெறும் உரைதான். வருபவர் முழுவதையும் அழித்துவிட்டு “வேலை செய்யவில்லை” என்று எழுதிப் போகலாம். அங்கே இது உண்மையான குறை.

ஆனால் வெளியாட்களை வரவேற்பதில் கிட்லேபுக்கு ஒரு தனி வழி இருக்கிறது: சர்வீஸ் டெஸ்க். பயனர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், அது இஷ்யூவாகப் பதிவாகும். நீங்கள் எழுதும் பதில் அவருக்கு மின்னஞ்சலாகவே போகும். அவருக்குக் கணக்கே தேவையில்லை. கணக்காளர்களும் ஆசிரியர்களும் பயன்படுத்தும் மென்பொருளை நீங்கள் உருவாக்குகிறீர்கள் என்றால், அவர்களை கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கச் சொல்வது நியாயமில்லை. இஷ்யூவை ரகசியமாக்கும் வசதியும் கிட்லேபில் இலவசம். பாதுகாப்புக் கோளாறு ஒன்றைக் கண்டவர் ஒரு பெட்டியில் டிக் செய்தால், குழுவுக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது. கிட்ஹப்பிலும் பாதுகாப்புக் கோளாறை ரகசியமாகச் சொல்ல வழி உண்டு. ஆனால் அது இஷ்யூக்களுக்கு வெளியே, தனிப் பகுதியில் இருக்கிறது. பராமரிப்பாளர் அதை இயக்கி வைத்திருக்கவும் வேண்டும்.

கிட்லேபில் எரிச்சலூட்டுவது கட்டணச் சுவர். ஓர் இஷ்யூ இன்னொன்றைத் தடுத்து நிற்கிறது என்று குறிப்பதற்கும், வேலையின் கனத்தை எண்ணாகப் போடுவதற்கும் பணம் கட்ட வேண்டும். கோட்பெர்க் இயங்கும் ஃபோர்ஜியோ மென்பொருளில் இந்தச் சார்புத் தொடர்பு இலவசமாகவே இருக்கிறது. இஷ்யூக்களை நிலைவாரியாக அடுக்கும் பலகை, ஒரு வெளியீட்டுக்கானவற்றைத் தொகுக்கும் மைல்ஸ்டோன் எல்லாம் மூன்றிலும் போதுமான அளவுக்கு உண்டு. அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிட்ஹப்பிலும் கோட்பெர்க்கிலும் இஷ்யூவுக்கும் புல் ரிக்வெஸ்டுக்கும் (என் மாற்றத்தை நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கைக்கும்) ஒரே வரிசை எண். கிட்லேபில் இஷ்யூவுக்கு #57, அங்கே மெர்ஜ் ரிக்வெஸ்ட் எனப்படும் அதே கோரிக்கைக்கு !57 என்று தனித்தனி. பேச்சில் குழப்பம் வராததால் எனக்கு கிட்லேப் முறைதான் பிடிக்கும். இந்த எண்கள் கமிட் செய்திகளில் ஏறி நிரலோடு நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. தளம் மாறினால் பழைய #57 புதிய இடத்தில் வேறெதையோ காட்டும். 2025 நவம்பரில் ஜிக் நிரல்மொழி கிட்ஹப்பை விட்டுக் கோட்பெர்க்குக்குப் போனபோது, பழைய இஷ்யூக்களைக் கிட்ஹப்பிலேயே விட்டுவிட்டு, புதியவற்றின் எண்ணை 30000 என்று தொடங்கினார்கள். எண்ணைப் பார்த்தாலே எந்தத் தளத்தில் தேடுவது என்று தெரிந்துவிடும். அருமையான ஏற்பாடு.

கோட்பெர்க் பெர்லினில் பதிவான இலாப நோக்கற்ற சங்கம் நடத்தும் தளம். கட்டற்ற மென்பொருளுக்கு மட்டுமே இடம். கிட்ஹப்பிலிருந்து வருபவர்களின் இஷ்யூ, லேபிள், பின்னூட்டங்களை இழுத்துக்கொள்ளும் கருவி அதிலேயே இருக்கிறது. கூட்டம் குறைவு என்பதுதான் தடை. ஏற்கெனவே பயனர்களைச் சம்பாதித்த திட்டத்துக்கு அது பெரிதல்ல. முதல் பயனரைத் தேடிக்கொண்டிருக்கும் திட்டத்துக்கு அது வலிக்கும்.

எனவே புதிய நூலகமென்றால் கிட்ஹப், நிரலாளர் அல்லாத பயனர்கள் என்றால் கிட்லேப், பெருநிறுவனத்தின் கையில் திட்டத்தின் நினைவை ஒப்படைக்க மனமில்லாதவர்களுக்குக் கோட்பெர்க் என்பேன். எங்கே இருந்தாலும், அறுபது நாள் பேச்சில்லாத இஷ்யூவைத் தானாக மூடும் ‘ஸ்டேல்’ பாட் என்ற தானியங்கி நிரலை மட்டும் ஓடவிடாதீர்கள். பிழை இருக்கும்போதே புகாரை மூடுவது, மாலை முழுவதும் செலவழித்து அதை எழுதியவரை அவமதிப்பது.

பிரதி எடுப்பதையும் பழக்கமாக்குங்கள். கிட்லேபில் திட்டத்தை ஏற்றுமதி செய்தால் இஷ்யூக்கள் பின்னூட்டங்களோடு ஒரே கோப்பில் வந்துவிடும். கிட்ஹப்பில் ஏபிஐ, அதாவது நிரல்கள் தளத்திடம் தரவு கேட்கும் வழி, மூலமாக எடுக்க வேண்டும். கணக்கை அடையாளம் காட்டும் டோக்கன் இருந்தால் மணிக்கு 5,000 கோரிக்கைகள் வரை அனுமதி, இல்லையென்றால் 60 மட்டுமே. சிறு திட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் இறக்க அந்த 5,000 தாராளம். வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, வரும் ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) கோப்புகளைத் தனிக் களஞ்சியத்தில் கமிட் செய்து வையுங்கள்.